ஈ.சி.ஆர். அலுத்துவிட்டதா? பூண்டிப் பக்கம் போய்ப் பாருங்கள்

ஞாயிறு காலை சென்னை தி.நகரில் கிளம்பிக் காரில் ஒரு சுற்றுப் போய்ப் பத்து மணிக்குள் வீடு திரும்ப வேண்டும், ஈ.சி.ஆர். எனும் கிழக்குக் கடற்கரைச் சாலை அலுத்துவிட்டது என்கிறீர்கள். சரி, வடமேற்கே திரும்புங்கள்.

ஐந்து மணிக்கே கிளம்பிவிடுங்கள். திருவள்ளூர் வரை வெறும் ஊர்கள்தான், சுவை அதற்கப்புறம். பூண்டி ஏரி, 1944-ல் கொசஸ்தலையாற்றின் குறுக்கே கட்டியது. கரையோரம் கண்ணாடியை இறக்கினால் ஈர மண் வாசனை உள்ளே வரும். ஊத்துக்கோட்டை போகும் வழியில் நிதானமாக ஓட்டுங்கள். அறுவடைக் காலத்தில் வளைவு திரும்பினதும் பாதிச் சாலையில் நெல் காயும், ஓரத்தில் கல் அடுக்கியிருப்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

திரும்புவதற்குப் பெரியபாளையம், செங்குன்றம் வழி. ஆடி ஞாயிறுகளில் மட்டும் வேண்டாம், பவானியம்மன் கோயில் கூட்டத்தில் சிக்கிக்கொள்வீர்கள்.