புதைபடிவம் தேட வீட்டில் இருக்கும் ஆணி பிடுங்கும் சுத்தியல் போதுமா? (காரைக்குடியிலிருந்து அரியலூர் பக்கம் போகிறோம்)

போதாது. அந்தச் சுத்தியல் ஆணிக்காகச் செய்தது, பாறையிலோ உளியிலோ ஓங்கி அடித்தால் முகப்பிலிருந்து சில்லு தெறித்துக் கண்ணில் பாயும். தலையும் பிடியும் ஒரே எஃகில் அடித்த புவியியல் சுத்தியலாக வாங்குங்கள், அரைக்கிலோவுக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் சரி. ஒரு முனை கூர் அலகாக இருப்பது கருங்கல் மாதிரிக் கடினப் பாறைக்கு. நீங்கள் போவது சுண்ணாம்புக்கல்லும் களிமண்ணும் அடுக்கடுக்காகக் கிடக்கும் கிரெட்டேசியஸ் (டைனோசர்கள் வாழ்ந்த கடைசிக் காலம்) காலப் படிவுக்கு, அதற்கு உளி போலத் தட்டையான முனைதான் தோது, அடுக்குக்குள் விட்டு நெம்பலாம்.

உளியை இந்தச் சுத்தியலால் அடிக்க வேண்டாம், அதற்கு ஒரு கிலோ சின்னச் சம்மட்டி தனியாக வேண்டும். இரும்பு வெட்டும் உளிகள் அகலமாக ஒன்று, ஒடுக்கமாக ஒன்று, காரைக்குடியில் எந்த இரும்புக் கடையிலும் கிடைக்கும். பழைய உளி என்றால் தலையைப் பாருங்கள், அடிபட்டு அடிபட்டு ஓரம் காளான் குடை மாதிரி மடங்கியிருந்தால் அதுவும் தெறிக்கும், பட்டறையில் கொடுத்துத் தேய்த்து வாங்கிவிடுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

படிவத்தின் மேலேயே அடிக்காதீர்கள், கையகலம் தள்ளிச் சுற்றி வெட்டிக் கட்டியாக எடுத்து, மிச்சத்தை வீட்டில் ஊசியும் பழைய பல்துலக்கியும் வைத்துச் சுத்தம் பண்ணலாம். பெரம்பலூர் மாவட்டத்துக் காரை என்ற ஊர்ப் பக்கத்துக் களிமண் மேடுகளில் பெலம்னைட் (கணவாய் போன்ற பழங்காலக் கடல் உயிரி) துண்டுகள் மழைக்கு அரித்துத் தானாகவே மேலே கிடக்கும், சுத்தியலுக்கே வேலையில்லை. அப்புறம், அதே மாவட்டத்துச் சாத்தனூர் கல்மரம் பாதுகாக்கப்பட்ட தேசியப் புவியியல் நினைவுச்சின்னம். அங்கே பையைத் திறக்கவே கூடாது.