சட்டக்காந்தம் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

சிங்கப்பூரில் ஒரு பள்ளி அறிவியல் ஆய்வகத்தில்தான் எனக்கு வேலை. காந்தங்களை எடுத்துக் கொடுப்பது, எண்ணித் திரும்ப வாங்குவது, பெட்டியில் அடுக்குவது எல்லாம் என் பொறுப்பு. பிள்ளைகளுக்குக் காந்தப் பாடம் ஆரம்பித்ததிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருப்பதால் மொத்தமாக இங்கே பதில் போடுகிறேன்.

ஈசூன் அம்மா: அக்கா, மகளின் வீட்டுப்பாடத்தில் ஒரே மாதிரி இரண்டு கம்பி. ஒன்று காந்தம், ஒன்று வெறும் இரும்பு. வேறு எதையும் தொடாமல் எது காந்தம் என்று சொல்லணுமாம். எப்படி வைத்தாலும் ஒட்டிக்கொள்ளத்தானே செய்யும்?

எப்படி வைத்தாலும் இல்லைம்மா, அங்கேதான் விஷயம் இருக்கிறது. ஒரு கம்பியை மேசையில் படுக்க வைத்து, இன்னொன்றைக் கையில் பிடித்து அதன் நுனியைக் கீழே கிடப்பதன் நடுப்பகுதிக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். வெடுக்கென்று இழுத்தால் கையில் இருப்பது காந்தம். இழுக்கவே இல்லை, அல்லது பேருக்குத்தான் இழுக்கிறது என்றால் கீழே கிடப்பது காந்தம். சட்டக்காந்தத்தின் பலம் முழுக்க இரண்டு முனைப் பக்கமும்தான், நடுவில் ஒன்றுமில்லாத மாதிரிதான் இருக்கும். இரும்புத்தூளில் புரட்டி எடுத்துப் பார்த்தால் முனைகளில் தூள் கொத்துக் கொத்தாகக் குத்திட்டு நிற்கும், விளிம்புகளில் வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்கும், நடுவில் பெயிண்ட் அப்படியே தெரியும். காந்தத்தைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டுவிட்டுப் புரட்டுங்கள், இல்லாவிட்டால் அந்தத் தூளைச் சுத்தம் செய்து முடியாது.

செங்காங் அப்பா: பையன் "ஒட்டினால் காந்தம்" என்று எழுதினான், மதிப்பெண் கிடைக்கவில்லை. ஏன்?

ஒட்டுவது எதையும் நிரூபிக்காது. காந்தத்தின் வட துருவத்துக்குப் பக்கத்தில் சாதாரண இரும்பை வைத்தால், அந்த இரும்பே தற்காலிகக் காந்தமாகி, பக்கத்தில் இருக்கும் முனையில் தென் துருவம் உண்டாகிவிடும். தென் துருவத்தைக் காட்டினால் அங்கே வட துருவம் உண்டாகும். அதனால் வெறும் இரும்பு எப்போதும் ஈர்க்கப்படும், ஒருநாளும் விலகாது. இரண்டு பொருள் ஒன்றையொன்று விலக்கினால் மட்டும்தான் இரண்டும் காந்தம் என்று அடித்துச் சொல்ல முடியும். "ஒத்த துருவங்கள் விலக்கும்" என்று மனப்பாடமாக ஒப்பிக்கும் பிள்ளைகளிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் முழிக்கிறார்கள். இரண்டு காந்தத்தையும் கையில் கொடுத்து வட துருவத்தோடு வட துருவத்தை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். நேராக முட்டாமல் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போகும், அந்தத் தள்ளலைக் கை ஒருமுறை உணர்ந்துவிட்டால் அப்புறம் மறக்காது.

தெம்பனீஸ்: காந்தம் கீழே விழுந்து இரண்டாக உடைந்துவிட்டது. இப்போது ஒரு துண்டில் வட துருவம் மட்டும், இன்னொன்றில் தென் துருவம் மட்டும்தானே?

இல்லை, இப்போது உங்களிடம் இரண்டு முழுக் காந்தம் இருக்கிறது. உடைந்த இடத்தில் ஒரு துண்டுக்குப் புதுத் தென் துருவமும் மற்றதற்குப் புது வட துருவமும் வந்திருக்கும். காந்தத்துக்குள் அணுக்கள் ஒவ்வொன்றும் குட்டிக் காந்தம், அவை பெரும்பாலும் ஒரே பக்கம் பார்த்து அணிவகுத்து நிற்பதால்தான் மொத்தத் துண்டும் காந்தம். எங்கே வெட்டினாலும் அந்த வரிசையின் ஒரு பகுதிதான் கையில் வரும். குறுக்கே உடைந்ததைச் சேர்த்து வைத்தால் தானாக ஒட்டிக்கொள்ளும், ஆனால் நீளவாக்கில் பிளந்திருந்தால் பழையபடி சேர்க்க முடியாமல் இரண்டு பாதியும் ஒன்றையொன்று தள்ளும், ஏனென்றால் வட துருவத்துக்குப் பக்கத்தில் வட துருவமே நிற்கிறது. ஒற்றைத் துருவம் இயற்கையில் இருக்கலாம் என்று 1931-இல் பால் டிராக் என்ற இயற்பியலாளர் கணக்குப் போட்டுக் காட்டினார். இன்றுவரை யாரும் அதை உறுதியாகப் பிடித்துக் காட்டவில்லை.

தேக்கா: அக்கா, சில 50 காசு காந்தத்தில் ஒட்டுகிறது, சிலது ஒட்டவில்லை. கள்ளக் காசா?

இரண்டும் நல்ல காசுதான். 2013-இல் வந்த புது வரிசை நாணயங்கள் எஃகின் மேல் முலாம் பூசியவை, அதனால் ஒட்டும். அதற்கு முந்தைய 50 காசு செம்பும் நிக்கலும் கலந்தது. நிக்கல் தனியாக இருந்தால் காந்தம் இழுக்கும், அவ்வளவு செம்போடு கலந்தால் இழுக்காது.

புக்கிட் பாத்தோக் தம்பி: காந்தத்தின் வட துருவம் வடக்கைக் காட்டுகிறது, ஆனால் ஒத்த துருவங்கள் விலக்கும் என்கிறீர்கள். அப்படியென்றால் வடக்கே இருப்பது என்ன?

பிரமாதமான கேள்வி தம்பி! வடக்கே இருப்பது காந்தக் கணக்கில் தென் துருவம். பூமியே ஒரு பெரிய காந்தம் என்று 1600-இல் வில்லியம் கில்பர்ட் எழுதினார். தொங்கவிட்ட காந்தத்தில் வடக்கைத் தேடிப்போகும் முனைக்கு நாம் வட துருவம் என்று பெயர் வைத்தோம், அதை இழுப்பது எதிர்த் துருவமாகத்தானே இருக்க வேண்டும்.

இதோடு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாக மட்டும் ஓடுவதில்லை. ஐரோப்பாவில் திசைகாட்டி ஊசியின் வட முனை நன்றாகக் கீழே குனியும், அதனால் அங்கே விற்கும் திசைகாட்டிகளில் தென் பாதியில் கொஞ்சம் கனம் சேர்த்திருப்பார்கள். ஊசி எந்தப் பக்கமும் சாயாமல் கிடையாக நிற்கும் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்கோடியை ஒட்டிப் போகிறது, நாம் அதற்குத் தெற்கே இருப்பதால் இங்கே வட முனை லேசாக மேலே தூக்கும். அங்கே வாங்கிய திசைகாட்டியை இங்கே கொண்டுவந்தால் தென் முனை தாழ்ந்து உரசிக்கொண்டு நிற்கலாம். அப்புறம், வீவக அடுக்குமாடி வீட்டுக்குள் இரும்புக் கேட் பக்கத்தில் வைத்துப் பார்க்காதே, சுவருக்குள்ளும் கம்பி ஓடுகிறது. கீழே இறங்கித் திடல் நடுவில் நின்று பார்.

பொங்கோல்: குளிர்பதனப் பெட்டியில் ஒட்டும் மெல்லிய விளம்பரக் காந்தம் ஒரு பக்கம்தான் ஒட்டுகிறது, ஏன்?

அதில் துருவங்கள் முனைகளில் இல்லை, பின்பக்கம் வடக்கு, தெற்கு, வடக்கு என்று வரி வரியாக மாறி மாறி வரும்படி, புலம் அந்தப் பக்கமே குவியுமாறு செய்திருக்கிறார்கள். இரண்டை எடுத்துப் பின்பக்கங்களைச் சேர்த்து மெதுவாக இழுத்துப் பாருங்கள், ஒரு திசையில் டடக் டடக் என்று தாவித் தாவி நகரும், அதற்குக் குறுக்குவாட்டில் இழுத்தால் சத்தமில்லாமல் வழுக்கும்.

ஜூரோங்: பஸ், ரயிலுக்குப் பயன்படுத்தும் ஈசி-லிங்க் அட்டை காந்தத்தால் கெடுமா?

கெடாது, உள்ளே சில்லுதான். பின்னால் கறுப்புக் காந்தப் பட்டை உள்ள வங்கி அட்டையைத்தான் தள்ளி வைக்கணும்.

உட்லண்ட்ஸ் அம்மா: சின்னவனுக்கு 3 வயது. குட்டி உருண்டைக் காந்தங்கள் விளையாடக் கொடுக்கலாமா?

வேண்டவே வேண்டாம்மா. ஒன்றுக்கு மேல் விழுங்கிவிட்டால் குடலின் வெவ்வேறு மடிப்புகளில் இருந்தபடி ஒன்றையொன்று இழுத்து, நடுவில் மாட்டிய குடல் சுவரை நசுக்கி ஓட்டை போட்டுவிடும். முதலில் சாதாரண வயிற்று வலி மாதிரிதான் தெரியும். விழுங்கியிருப்பானோ என்று சந்தேகம் வந்தாலே காத்திருக்காமல் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பிள்ளை விளையாடப் பெரிய சட்டக்காந்தமே போதும்.

ஈசூன் அம்மா: கடைசியாக ஒன்று அக்கா. வீட்டில் இருக்கும் பழைய காந்தத்துக்குப் பலமே இல்லை, எப்படிப் பத்திரப்படுத்துவது?

இரண்டு இரண்டாக, ஒன்றின் வட துருவம் பக்கத்தில் மற்றதன் தென் துருவம் வரும்படி வைத்து, நடுவில் மெல்லிய மரத்துண்டு கொடுத்து, இரு ஓரத்திலும் தேனிரும்புத் துண்டால் மூடுங்கள். அந்த இரும்புத் துண்டு காந்தப் பெட்டியோடு வந்திருக்கும், பலர் அதை உதவாது என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். கீழே போடக்கூடாது, அடுப்புப் பக்கம் வைக்கக்கூடாது. பலம் போனதையும் தூக்கிப் போடாதீர்கள், பள்ளிக்குக் கொடுத்தனுப்புங்கள், கம்பிச்சுருளுக்குள் வைத்துச் சில நொடி நேர்மின்சாரம், அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம், செலுத்தினால் திரும்ப ஏறிவிடும்.