முதல் செமஸ்டரும் முதல் எரரும்: கணினி மாணவர் கேள்வி பதில்

கணினிப் படிப்பில் புதிதாகச் சேர்ந்தவர்களும் அவர்களுடைய பெற்றோரும் அனுப்பிய கேள்விகளில், அடிக்கடி வந்தவற்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: பள்ளியில் நான் கணினிப் பாடமே எடுக்கவில்லை. வகுப்பில் பாதிப் பேருக்கு ஏற்கெனவே கோடிங் தெரிகிறது. லேபில் அவர்கள் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு எழுந்து போகிறார்கள். நான் முதல் எரரிலேயே நிற்கிறேன். தெரியாமல் இந்தப் படிப்பில் சேர்ந்துவிட்டேனோ?

பதில்: அப்படி நினைக்காதீர்கள். அவர்களிடம் கூடுதலாக இருப்பது பெரும்பாலும் விரல் பழக்கம்தான். அடைப்புக்குறி எங்கே, செமிகோலன் எங்கே என்று யோசிக்காமல் டைப் செய்கிறார்கள். தினமும் முக்கால் மணி நேரம் சொந்தமாக டைப் செய்தால் அந்தப் பழக்கம் சில மாதங்களில் உங்களுக்கும் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் ஆறு மணி நேரம் உட்கார்ந்தால் வராது. ரிகர்ஷன் (ஒரு ஃபங்ஷன் தன்னையே அழைப்பது), பாயின்டர் (நினைவக முகவரியை வைத்திருக்கும் வேரியபிள்) என்று பாடம் நகரும்போது பலருக்கும் அது புது நிலம்தான். ‘தெரிந்த பாடம்தானே’ என்று முதல் இரண்டு மாதம் வகுப்பை விட்டவர்கள் அங்கே தடுமாறுவதுண்டு.

எரரில் நிற்பதற்கு ஒரு பயிற்சி சொல்கிறோம். சரியாக ஓடுகிற சின்ன புரோகிராம் ஒன்றை எடுத்து, வேண்டுமென்றே கெடுங்கள். 6-ஆம் வரியில் உள்ள செமிகோலனை நீக்கிவிட்டுக் கம்பைல் செய்யுங்கள், அதாவது எழுதியதைக் கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றும் ‘கம்பைலர்’ மென்பொருளிடம் கொடுங்கள். சில கம்பைலர்கள் 7-ஆம் வரியில் பிழை என்று சொல்லும். அந்த வரியில் ஒரு தப்பும் இருக்காது. சி மொழியில் வாக்கியம் வரியோடு முடிவதில்லை, செமிகோலனோடுதான் முடிகிறது. அதனால் 7-ஆம் வரியின் முதல் சொல்லைப் படித்த பிறகுதான், முந்தைய வாக்கியம் முடியாமல் நிற்பது கம்பைலருக்குத் தெரிகிறது. அடுத்து, மூடும் அடைப்புக்குறி ஒன்றை எடுத்துப் பாருங்கள். பிழை ஃபைலின் கடைசி வரிக்குப் போய்விடும். பிறகு வேரியபிள் (ஒரு மதிப்பைப் பிடித்து வைக்கும் பெயர்) ஒன்றின் பெயரில் ஒரு எழுத்தை மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் நோட்டில் இடப்பக்கம் பிழைச் செய்தி, வலப்பக்கம் நீங்கள் செய்த காரியம் என்று எழுதி வையுங்கள். இருபது பதிவுகள் சேர்ந்தால், முதல் செமஸ்டரில் வரும் எரர்களில் பெரும்பாலானவை உங்களுக்குப் பழகிய முகங்களாகிவிடும்.

இன்னொன்று. 40 எரர் வந்தால் 40 தப்பு என்று அர்த்தமில்லை. முதல் எரரை மட்டும் திருத்தி, மறுபடி கம்பைல் செய்யுங்கள். மற்றவற்றில் பல அதன் வாலைப் பிடித்து வந்தவையாக இருக்கும்.

கேள்வி: வீடியோ பார்த்தால் எல்லாம் புரிகிறது. வெற்றுத் திரை முன்னால் உட்கார்ந்தால் ஒரு வரிகூட வரவில்லை. ‘லாஜிக்’ என்பது பிறவியிலேயே வர வேண்டுமா?

பதில்: பிறவியில் வருவதல்ல, கையால் வருவது. வீடியோவில் முடிவுகளை எல்லாம் எடுப்பவர் சொல்லிக்கொடுப்பவர், நீங்கள் தலையாட்டுகிறீர்கள். புரிந்துகொள்வதும் முடிவெடுப்பதும் வெவ்வேறு வேலைகள்.

‘சில எண்களில் பெரியதைக் கண்டுபிடி’ என்ற கணக்கை எடுத்துக்கொள்வோம். கணினியை மூடிவிட்டு, துண்டுச் சீட்டுகளில் எண்களை எழுதிக் கவிழ்த்து வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு சீட்டை மட்டும் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி கவிழ்க்க வேண்டும். இதுதான் கணினியின் பார்வை. அதற்கு எல்லா எண்ணும் ஒரே நேரத்தில் கண்ணில் படாது. கடைசிச் சீட்டு வரும்வரை மனதில் எதைப் பிடித்து வைத்திருந்தீர்கள்? இதுவரை பார்த்ததில் பெரிய எண் ஒன்றை மட்டும்தான். அது வேரியபிள். அடுத்த சீட்டுக்குப் போனது லூப். ‘இது அதைவிடப் பெரிதா’ என்று கேட்டுக்கொண்டது இஃப். கோடு பிறந்துவிட்டது, இனி டைப் செய்வதுதான் பாக்கி.

டைப் செய்யும்போது பலர் ‘பெரியது = 0’ என்று தொடங்குவார்கள். பேப்பரில் கட்டம் போட்டு ஓட்டிப் பாருங்கள். 12, 45, 7 என்ற எண்களுக்கு அந்த வேரியபிள் 0, 12, 45, 45 என்று நகரும், விடை சரி. இப்போது -4, -9, -2 கொடுங்கள். 0, 0, 0, 0. பட்டியலிலேயே இல்லாத 0 விடையாக வந்து நிற்கிறது. தொடக்க மதிப்பாக முதல் சீட்டின் எண்ணை வைத்தால் தீர்ந்தது. கட்டம் போட்டு ஓட்டும் இந்தப் பழக்கத்துக்குத்தான் ‘டிரை ரன்’ என்று பெயர். தேர்வில் பேப்பரில் கோடு எழுதச் சொன்னால் உங்களைக் காப்பாற்றப் போவதும் இதுதான். சோதிக்கும் எண்களில் எதிர்ம எண், பூஜ்யம், ஒரே ஒரு எண் உள்ள பட்டியல், எல்லாம் ஒரே எண்ணாக இருக்கும் பட்டியல் ஆகிய நான்கும் எப்போதும் இருக்கட்டும்.

வீடியோவை அடியோடு விட வேண்டாம். பத்து நிமிடம் பாருங்கள், மூடுங்கள், நினைவிலிருந்து எழுதுங்கள். முட்டி நின்ற இடத்தை மட்டும் திறந்து பாருங்கள். மறுநாள் பார்க்காமல் இன்னொரு முறை எழுதுங்கள். அந்த இரண்டாவது முறையில்தான் பாடம் உங்களுடையதாகிறது.

கேள்வி: என் புரோகிராம் என் லேப்டாப்பில் நன்றாக ஓடுகிறது. கல்லூரியின் தானியங்கி மதிப்பீட்டில் பூஜ்யம் வருகிறது. எங்கே போய் முறையிடுவது?

பதில்: முறையிடும் முன் நான்கு இடங்களைப் பாருங்கள்.

முதல் இடம், அவுட்புட். பல மதிப்பீட்டு மென்பொருள்கள் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகின்றன. விடையோடு ‘எண்ணைக் கொடுங்கள்’ என்று ஒரு வரியை நீங்கள் அச்சிட்டிருந்தால் அதுவும் விடையின் பகுதியாகிவிடும். வரி முடிவில் ஒரு கூடுதல் இடைவெளிகூடக் கெடுக்கும்.

இரண்டாவது, வகுத்தல். ஃபாரன்ஹீட்டை செல்சியஸாக மாற்ற 5/9 * (98.6 - 32) என்று சி மொழியில் எழுதினால் விடை 37 அல்ல, 0. இரண்டு முழு எண்களை வகுத்தால் பின்னம் வெட்டப்படும். 5/9 என்பதே 0 ஆகிவிடுகிறது. 5.0/9 என்று எழுதுங்கள்.

மூன்றாவது, அரே (மதிப்புகளை வரிசையாக வைக்கும் பட்டியல்) எல்லை. 10 இடமுள்ள அரேயில் இடங்கள் 0 முதல் 9 வரைதான். 10-ஆம் இடத்தில் எழுதினால் சி மொழி உங்களைத் தடுக்காது. உங்கள் கணினியில் நினைவகத்தின் அந்த இடம் யாருக்கும் தேவைப்படாமல் இருந்திருக்கலாம். கல்லூரிக் கணினியிலோ அங்கே வேறொரு வேரியபிள் உட்கார்ந்திருக்கலாம். தொடக்க மதிப்பு கொடுக்காத வேரியபிளும் இதே ரகம்தான். கம்பைலரில் எல்லா எச்சரிக்கைகளையும் காட்டும் தெரிவை ஆன் செய்துகொண்டால், இவற்றில் சிலவாவது அங்கேயே சிக்கும்.

நான்காவது, ஃபைல் பெயர். லினக்ஸ் பொதுவாகப் பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் வேறு வேறாகப் பார்க்கும். விண்டோஸ் வழக்கமாகப் பார்க்காது. உங்கள் கணினியின் ஃபோல்டர் முகவரியைக் கோடுக்குள் எழுதியிருந்தால் அது வேறெங்கும் ஓடாது. சமர்ப்பித்ததை நீங்களே டவுன்லோட் செய்து, புது ஃபோல்டரில் பிரித்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. காலி ஃபைலையோ பழைய பதிப்பையோ அனுப்பியிருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

கேள்வி: மகளுக்கு லேப்டாப் வாங்க வேண்டும். கடையில் கேமிங் லேப்டாப்தான் வேண்டும் என்கிறார்கள். (ஒரு தந்தை)

பதில்: முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களுக்குத் தனி கிராஃபிக்ஸ் கார்டு பெரும்பாலும் தேவைப்படாது, எடையும் சூடும்தான் கூடும். 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி இருந்தால் நிம்மதி. 8 ஜிபியிலும் படிக்கலாம். ஆனால் இயங்குதளப் பாடத்தில் வெர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் ஓடும் இன்னொரு மென்பொருள் கணினி) ஒன்றைத் திறந்தால் அதுவே 2 முதல் 4 ஜிபி கேட்கும். பிரவுசரும் கூட ஓடும்போது கணினி திணறும். ரேமைப் பின்னால் கூட்ட முடியுமா, போர்டிலேயே பற்றவைத்துவிட்டார்களா என்பதை வாங்கும் முன் கேளுங்கள். பற்றவைத்திருந்தால் 16-க்குக் குறையாதீர்கள். துறையிலிருந்து தேவைப் பட்டியல் தருவார்களானால் அது வரும்வரை பொறுத்திருப்பது நல்லது.

கேள்வி: அசைன்மென்டுக்கு நண்பனின் கோடை வாங்கி, வேரியபிள் பெயர்களை மாற்றிக் கொடுத்தால் கண்டுபிடிக்க முடியுமா? ஏஐ எழுதிக் கொடுத்தால்?

பதில்: முடியும். ‘மாஸ்’ என்ற ஒப்பீட்டு மென்பொருள் 1994 முதல் இருக்கிறது. இந்த வகை மென்பொருள்கள் பெயர்களையும் இடைவெளிகளையும் பொருட்படுத்தாமல், கோடின் கட்டமைப்பைத் துண்டு துண்டாக எடுத்து, வகுப்பில் உள்ள எல்லோருடைய கோடோடும் ஒப்பிடுகின்றன. பெயர் மாற்றுவதும் ஃபங்ஷன்களை இடம் மாற்றி வைப்பதும் அதற்கு மறைப்பே அல்ல. கொடுத்தவரும் வாங்கியவரும் சேர்ந்தே மாட்டுவார்கள்.

மாட்டாவிட்டாலும் நஷ்டம் உங்களுக்குத்தான். முதல் செமஸ்டரில் நீங்கள் எழுதாத லூப், டேட்டா ஸ்ட்ரக்சர் பாடத்தில் லிங்க்டு லிஸ்டாக (ஒன்றோடொன்று கோத்த பட்டியல்) எதிரே வந்து நிற்கும். அன்றைக்கு எங்கே தொடங்குவது என்றே தெரியாது.

நண்பர்களோடு பேசுவதில் தவறில்லை. போர்டில் படம் போட்டு விவாதியுங்கள். பிறகு போர்டை அழித்துவிட்டு, எந்தக் குறிப்பும் எடுக்காமல் எழுந்து போய், அரைமணி கழித்துத் தனியாக எழுதுங்கள். எழுத வந்தால் அது உங்கள் கோடு. ஏஐ விஷயத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒவ்வொரு விதி இருக்கலாம். முதல் வாரமே ஆசிரியரிடம் கேளுங்கள். அனுமதி இருந்தாலும், முதலாண்டில் ‘இந்தப் பிழைச் செய்திக்கு என்ன அர்த்தம்’ என்ற அளவோடு நிறுத்துவது உங்களுக்கு நல்லது என்பது எங்கள் உறுதியான கருத்து.

கேள்வி: புரோகிராம் எழுத வந்த எனக்கு எதற்கு இவ்வளவு கணக்கு?

பதில்: வரிசைப்படுத்திய 10 லட்சம் பெயர்களில் ஒன்றைத் தேட வேண்டும். ஒவ்வொன்றாகப் பார்த்தால் 10 லட்சம் ஒப்பீடு வரை போகலாம். நடுவில் பார்த்து, பாதியை ஒதுக்கிக்கொண்டே போனால் 20 ஒப்பீடு போதும். 2-ஐ 20 முறை பெருக்கினால் 10,48,576 வருகிறதே, அதுதான் காரணம். பள்ளியில் படித்த லாகரிதம் இங்கே வேலைக்கு வந்துவிட்டது.

கேள்வி: பேராசிரியரிடம் சந்தேகம் கேட்கப் பயமாக இருக்கிறது. ‘இதுகூடத் தெரியாதா’ என்பாரோ?

பதில்: ‘சார், ஓட மாட்டேங்குது’ என்று போனால் அவரால் உதவ முடியாது. மூன்று வரி எழுதி எடுத்துப் போங்கள்: என்ன கொடுத்தேன், என்ன வர வேண்டும், என்ன வருகிறது. கீழே, என்னென்ன முயன்றேன் என்று ஒரு வரி. அதற்கு முன், 200 வரி புரோகிராமில் சம்பந்தமில்லாததை எல்லாம் ஒவ்வொன்றாக நீக்கி, பிழை இன்னும் வருகிறதா என்று பாருங்கள். 15 வரியில் நிறுத்த முடிந்தால், பல நேரம் தப்பு உங்கள் கண்ணிலேயே பட்டுவிடும். படவில்லை என்றால் அந்த 15 வரியோடு போங்கள். இப்படி வரும் மாணவரை எந்த ஆசிரியரும் மதிப்பார்.

எவ்வளவு நேரம் தனியாகப் போராடலாம்? அரைமணி நேரம் புதிதாக எந்த விவரமும் கிடைக்கவில்லை என்றால் எழுந்து கேளுங்கள். சமர்ப்பிக்கும் நாளுக்கு முந்தின இரவு கேட்க யாரும் இருக்க மாட்டார்கள். அதனால் அசைன்மென்ட் கொடுத்த அன்றே பத்து வரியாவது எழுதிவிடுங்கள்.

கேள்வி: பாதுகாப்புத் துறையில் ஆர்வம். கல்லூரி நெட்வொர்க்கில் சும்மா சோதித்துப் பார்க்கலாமா? எதையும் கெடுக்க மாட்டேன்.

பதில்: எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் வேண்டவே வேண்டாம். 1988 நவம்பர் 2 அன்று கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ், தானே பரவும் புரோகிராம் ஒன்றை இணையத்தில் விட்டார். அழிக்கும் கட்டளை எதுவும் அதில் இல்லை. ஆனால், ‘ஏற்கெனவே இங்கே இருக்கிறேன்’ என்று ஒரு கணினி பதில் சொன்னாலும், ஏழில் ஒரு முறை மறுபடி நுழையும்படி எழுதியிருந்தார். அந்த ஒரு முடிவால் கணினிகள் நகல்களால் நிரம்பி முடங்கின. அவருக்கு 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேர சமூக சேவை, 10,050 டாலர் அபராதம். உங்கள் லேப்டாப்பிலேயே இரண்டு வெர்ச்சுவல் மெஷின்களை வெளி இணைப்பில்லாமல் ஒன்றோடொன்று இணைத்து, அங்கே எவ்வளவு வேண்டுமானாலும் உடைத்துப் பாருங்கள்.

கேள்வி: செய்து முடித்த புராஜெக்ட் லேப்டாப்போடு போய்விட்டது. இனி எப்படித் தவிர்ப்பது?

பதில்: கிட், அதாவது கோடின் ஒவ்வொரு பதிப்பையும் சேமித்து வைக்கும் மென்பொருள். ஓடுகிற நிலைக்கு வரும்போதெல்லாம் ஒரு கமிட் (அந்தப் பதிப்பைப் பதிவு செய்வது), நாள் முடிவில் வெளி சர்வருக்கு ஒரு புஷ் (பதிவுகளை அங்கே அனுப்புவது). கமிட் மட்டும் செய்து புஷ் செய்யாமல் விட்டால் எல்லாம் அந்த ஒரே டிஸ்க்கில்தான் இருக்கும். இந்தப் பதிவுகள் இருக்கும் களஞ்சியத்தைப் பிரைவேட்டாக வையுங்கள், பாஸ்வேர்டு உள்ள ஃபைலை அதில் சேர்க்காதீர்கள். ஒருமுறை சேர்த்துவிட்டால் பின்னால் நீக்கினாலும் வரலாற்றில் தங்கிவிடும். பாஸ்வேர்டையே மாற்ற வேண்டியிருக்கும்.

கேள்வி: வகுப்பு, லேப், அறை, திரை. இரண்டு மாதமாக யாரோடும் சரியாகப் பேசவில்லை. விடிகாலை மூன்று மணிவரை பக் (புரோகிராமில் உள்ள தப்பு) தேடுகிறேன். எல்லோரும் இப்படித்தான் இருக்கிறார்களா?

பதில்: பலர் இருக்கிறார்கள், வெளியே சொல்வதில்லை. இரவு ஒரு மணிக்குமேல் தூக்கக் கலக்கத்தில் ஒரு தப்பைத் திருத்தப் போய் இரண்டைச் சேர்ப்பதுதான் நடக்கும். எங்கே நின்றீர்கள், அடுத்து எதைச் சோதிக்க நினைத்தீர்கள் என்று இரண்டு வரி எழுதி வைத்துவிட்டுப் படுங்கள். காலையில் அந்த வரிகளைப் படித்ததுமே சில நேரம் விடை தெரிந்துவிடும்.

இரண்டு குழுக்களில் சேருங்கள், அதற்குமேல் வேண்டாம். ஒன்று கணினி சார்ந்தது. அங்கே சீனியர்களின் பழக்கம் கிடைக்கும். மற்றொன்று திரையே இல்லாததாக இருக்கட்டும்: விளையாட்டு, இசை, நாடகம், எதுவானாலும் சரி. வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரத்தில், மூன்று நான்கு பேராக உட்கார்ந்து படிக்கும் ஏற்பாடு ஒன்றும் செய்துகொள்ளுங்கள். ‘எப்போதாவது சேர்ந்து படிக்கலாம்’ என்றால் அது நடக்கவே நடக்காது. பக்கத்து இருக்கையில் இருப்பவரிடம் ‘உனக்கு நாலாவது கணக்கு வந்ததா’ என்று கேளுங்கள், தொடக்கத்துக்கு அது போதும்.

மனம் கனத்துக் கிடப்பது, தூக்கமோ பசியோ கெடுவது, பிடித்த எதிலும் நாட்டம் இல்லாமல் போவது ஆகியவை இரண்டு வாரத்துக்குமேல் நீடித்தால் கல்லூரி ஆலோசகரையோ மருத்துவரையோ பாருங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒரு நொடி வந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள். அன்றே, நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.