காதைப் பொத்தியே காலம் தள்ளலாமா?

கேள்வி: எனக்கு வயது 34. பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் வசிக்கிறேன். மிக்ஸி ஓசை, கருவாடு வறுக்கும் வாடை, கஞ்சி போட்ட புடவையின் சொரசொரப்பு எதையும் சிறு வயதிலிருந்தே தாங்க முடிவதில்லை. நெம்மாறை வேலத் திருவிழாவுக்குப் போனால் செண்டை மேளத்திலும் வெடியிலும் அழுகையே வந்துவிடுகிறது. 'பெரிய மகாராணி' என்கிறார் மாமியார். இது நோயா? நாள் முழுக்கக் காதடைப்பான் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: சகோதரி, நீங்கள் நடிக்கவில்லை. ஓசையும் வாடையும் சிலருக்கு ஆழமாகப் பதிகின்றன. அவர்கள் சீக்கிரம் களைத்தும் போகிறார்கள். உளவியலாளர்கள் எலைன் ஏரனும் ஆர்தர் ஏரனும் 1997இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இதை ஒருவரின் இயல்பாகவே விவரித்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்களிடமும் இது காணப்படும். ஆனால் இது மட்டும் இருப்பது நோயாகாது.

நாள் முழுக்கக் காதை அடைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். ஒலி குறைந்துவிட்டால், ரேடியோ சரியாகக் கேட்காதபோது நாம் வால்யூமைத் திருகுவதுபோல, மூளை தன் கூர்மையைக் கூட்டிக்கொள்ளும். பிறகு கழற்றினால் தட்டு விழும் சத்தமும் இடியாக இறங்கும். இதில் சிக்கி அவதிப்படுபவர்கள் பலர்.

திருவிழாவுக்குக் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள். பஞ்சு அவ்வளவாக உதவாது. ஃபோம் அடைப்பானை விரலிடையே மெல்லியதாக உருட்டி, மறுகையால் காது மடலை மேல்நோக்கி இழுத்துச் செருகி, அது விரியும்வரை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி சுமார் 6 டெசிபெல் குறையும். மேளத்திலிருந்து 20 மீட்டரில் நிற்பதைவிட 40 மீட்டரில் நில்லுங்கள். வெடி எத்தனை மணிக்கு என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்; எதிர்பாராமல் வரும் ஓசைதான் அதிகம் உலுக்கும்.

அதனால் மிக்ஸியை நீங்களே ஓட்டுங்கள். மாமியார் ஓட்டும் நாட்களில், "அத்தை, அரைக்கும் முன்னால் ஒரு குரல் கொடுங்கள்" என்று கேளுங்கள். சத்தத்துக்கு நடுவே கேட்டால் அது சண்டையாகிவிடும். சாவகாசமாக இருக்கும்போது கேட்பது நல்லது. புதுப் புடவையை இரண்டு முறை அலசிக் கட்டுங்கள். தூக்கம் கெட்ட மறுநாள் எல்லாமே கூடுதலாக உறுத்தும். அன்றைக்கு வெளிவேலைகளைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு காதில் மட்டும் தொல்லை, காதில் இரைச்சல், வெளிச்சம் பட்டால் குமட்டலுடன் தலைவலி ஆகியவற்றில் ஏதாவது இருந்தால், இயல்புதானே என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஒற்றைத் தலைவலிக்கும் காதுக் கோளாறுக்கும் தனிச் சிகிச்சை உண்டு.