கேள்வி–பதில்: மஞ்சள் படிந்த மண்

கேள்வி: பீன்யாவில் மூடிக்கிடக்கும் குரோம் பிளேட்டிங் பட்டறையின் தளத்தை உடைத்து, அடியிலிருக்கும் மண்ணை அள்ளும் வேலைக்கு என் வீட்டுக்காரர் பத்து நாளாகப் போகிறார். மண்ணில் திட்டுத் திட்டாக மஞ்சள் இருக்கிறதாம். மேஸ்திரி துணி மாஸ்க்கும் தோல் கையுறையும் கொடுத்திருக்கிறார். இரண்டு நாளாக மூக்கில் ரத்தம் கசிகிறது. சூட்டினால்தானா?
– வாசகி, ஸ்ரீராமபுரம், பெங்களூரு

பதில்: சூடு என்று விட்டுவிடாதீர்கள். நாளை வேலைக்கு அனுப்பாமல் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கூட்டிப்போங்கள். பிளேட்டிங் பட்டறை மண், குரோமியம் என்று சொல்லியே காட்டுங்கள். அந்த மஞ்சள் பெரும்பாலும் குரோமேட்டாகத்தான் (குரோமியத்தின் நச்சு உப்பு) இருக்கும். குரோமேட் ஆலைக் கழிவு குவிந்த ராணிப்பேட்டைக்காரர்களுக்கு அந்த நிறத்தைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதன் தூசி மூக்கின் நடுத்தண்டை அரிக்கும். புண் பெரும்பாலும் வலிக்காது, அதனால் ஓட்டை விழுந்த பிறகே பலருக்குத் தெரிகிறது. ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோய் வரலாம். அமெரிக்காவில் 8 மணி நேர வேலைக்கு, ஒரு கன மீட்டர் காற்றில் இந்த வகைக் குரோமியம் சராசரியாக 5 மைக்ரோகிராம்தான் உச்சவரம்பு. தூசி கண்ணுக்குத் தெரியவில்லை என்று நிம்மதியடைய முடியாத அளவு அது.

துணி மாஸ்க் இதற்கு ஆகவே ஆகாது. இருபுறமும் பி100 பில்டர் (மிக நுண்ணிய தூசியையும் தடுக்கும் வகை) மாட்டிய ரப்பர் மாஸ்க் வேண்டும். தாடி இருந்தால் ஓரத்தில் காற்று புகும். மாட்டியதும் இரண்டு பில்டரையும் உள்ளங்கையால் பொத்தி, மெல்ல மூச்சிழுத்து 10 நொடி நிறுத்திப் பார்க்க வேண்டும். மாஸ்க் உள்வாங்கி முகத்தோடு ஒட்டி நின்றால் சரி. தளர்ந்தால் எங்கோ இடைவெளி.

தோல் கையுறை நனைந்தால் விஷத்தை நாள் முழுக்கக் கையோடு கட்டி வைத்தது போலத்தான். நீளமான பிவிசி கையுறை கேளுங்கள். தினமும் மணிக்கட்டுப் பக்கத்தைச் சுருட்டினால் விரல்கள் உப்பும். உப்பாத விரலில் ஓட்டை. கையில் வெட்டுக்காயம் இருந்தால் ஆறும்வரை இந்த வேலை வேண்டாம்.

உடைக்கும்போது பனித்தூறல் போல நீர் தெளித்தால் போதும். கொட்டி ஊற்றினால் மஞ்சள் நீர் சாக்கடைக்கோ நிலத்தடிக்கோ போகும். கறை போக ஆசிட் ஊற்றுவதுதான் எனக்கு மிகவும் பயமான விஷயம்: அங்கே சயனைடு தொட்டியும் இருந்திருந்தால், ஆசிட் பட்டதும் ஆளைக் கொல்லும் வாயு கிளம்பும். பழைய தொட்டிக்குள், குழிக்குள் யாரும் இறங்கக் கூடாது.

வேலை முடிந்ததும் முதலில் பூட்ஸையும் கையுறையையும் கழுவ வேண்டும். பிறகு மேலுடையை உட்புறம் வெளியே வரும்படி சுருட்டிக் கழற்றி, மாஸ்க்கைக் கடைசியாக எடுக்க வேண்டும். முகம், கை கழுவாமல் தண்ணீர், பீடி, வெற்றிலை எதுவும் கூடாது. வேலை உடை அங்கேயே இருக்கட்டும். இதுவரை வீட்டுக்கு வந்ததை உதறாமல், குழந்தைகள் துணியோடு சேர்க்காமல் தனியாக அலசுங்கள்.

உடன் வேலை செய்பவர்களுக்கும் சிறுநீரில் குரோமியம் பார்க்கச் சொல்லுங்கள். வாரத்தின் கடைசி வேலை நாளில், ஷிப்ட் முடிந்ததும் மாதிரி கொடுக்க வேண்டும்.