கணவரின் பீடிப் புகையால் எனக்கு மாதவிடாய் வலி கூடுமா?

கூடும், தங்கச்சி. நீங்கள் புகைப்பதில்லை, திருமணத்துக்குப் பிறகுதான் இந்த அடிவயிற்று வலி தொடங்கியது, கணவர் வீட்டுக்குள்ளேயே பீடி பற்றவைக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். புகைப்பவரோடு ஒரே வீட்டில் வாழும் பெண்களுக்கு மாதவிடாய் வலி கூடுதலாக வருவதை ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள்.

கருப்பை சுருங்கிச் சுருங்கித்தான் உதிரத்தை வெளியேற்றுகிறது. அப்போது அதன் தசைக்குப் போகும் இரத்தம் குறைவதும் வலிக்கு ஒரு காரணம். பீடிப் புகையிலுள்ள நிக்கோட்டின் இரத்தக் குழாய்களை மேலும் இறுக்கிவிடுகிறது. தாமே புகைக்கும் பெண்களுக்குச் சுற்று குறுகலாம், ஒழுங்கு தப்பலாம். புகையின் நச்சு சூலகத்து முட்டைகளை அழிப்பதால் மாதவிடாய் ஓரிரு ஆண்டுகள் முந்தியே நிற்பதும் உண்டு. 35 வயதைக் கடந்தும் புகைப்பவர்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையை எடுக்கவே கூடாது; இரத்தம் உறையும், மாரடைப்பு வரும் ஆபத்து அதிகம்.

"வன்னியில் எந்தப் பெண் புகைக்கிறாள்?" என்று கேட்டே இந்தப் பேச்சை மூடிவிடுகிறார்கள். எனக்குக் கோபம் வருவது அங்கேதான். ஒட்டுசுட்டானில் என் மாமியார் களை பிடுங்கப் போகும்போது மடியில் வெற்றிலைச் சரையும் போகும். புகையிலையில் ஒரு துண்டைக் கிள்ளிக் கொடுப்புக்குள் அடக்கிக்கொண்டால் மத்தியானம் வரை பசி தெரியாது என்பார். அதிலிருப்பதும் இதே நிக்கோட்டின்தான். வாயின் உட்தோல் வழியாகவே இரத்தத்தில் கலந்துவிடுகிறது. வயிற்றில் பிள்ளையோடு இருப்பவர்கள்கூடப் போடுகிறார்கள். குழந்தை எடை குறைந்து பிறக்க அது காரணமாகலாம் என்று அவர்களிடம் யார் சொல்கிறார்கள்?

கணவரிடம் நேரே சொல்லுங்கள். மாரி மழைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு எல்லோரும் ஒரே அறையில் படுக்கிற வீட்டில், யன்னலைத் திறந்துவிட்டால் புகை போய்விடும் என்பது வீண் சமாதானம். படலைக்கு வெளியே போய்ப் புகைக்கட்டும். விட்டுவிடும் எண்ணம் அவருக்கு இருந்தால் இலங்கையில் 1948 என்ற தொலைபேசி இலக்கத்தில் ஆலோசனை கேட்கலாம்.

ஆனால் எல்லாப் பழியையும் பீடியின் மேல் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். முன்பு இல்லாத வலி புதிதாகத் தொடங்கியிருப்பதால் கருப்பையில் கட்டியோ கிருமித்தொற்றோ இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். மணிக்கொரு பாட் நனைந்தாலோ, மாதவிடாய் இல்லாத நாட்களிலும் வலித்தாலோ தாமதிக்கவே வேண்டாம். உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவிடம் சொன்னால் எந்தக் கிளினிக்குக்குப் போவதென்று வழிகாட்டுவார். "பெண்ணென்றால் வலி இருக்கும்தானே" என்று வீட்டில் யார் சொன்னாலும் போய்க் காட்டுங்கள்.