தலைவலி வரும்போது தம்பியைப் படுக்க வைக்காதீர்கள்

வணக்கம் சகோதரி. கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்ட தம்பிக்குத் திடீரென்று மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகமெல்லாம் வியர்வை, படுக்க வைத்தால் இன்னும் கூடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் கழுத்தில்தான் அடி. படித்ததும் பதறிவிட்டேன்.

இது அட்டானமிக் டிஸ்ரிஃப்ளெக்ஸியாவாக இருக்கலாம். தண்டுவடத்தில் டி6 மட்டத்திலோ (மார்புப் பகுதியின் ஆறாவது மட்டம்) அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு வருவது. உடம்பின் கீழ்ப்பகுதியில் ஏதோ உறுத்தும். நமக்கு உணர்வு தெரியாது, ரத்த அழுத்தம் மட்டும் எகிறும். அதனால் நிமிர்த்தி உட்கார வைத்து, காலைத் தொங்கவிட்டு, இறுக்கமான துணிகளைத் தளர்த்துங்கள். அடுத்து, சிறுநீர் வெளியேறப் பொருத்தியிருக்கும் குழாயைப் பாருங்கள். எனக்குப் பெரும்பாலும் அங்கேதான் கோளாறு: தொடைக்கடியில் குழாய் மடிந்து கிடக்கும், இல்லையென்றால் பை நிரம்பியிருக்கும். மலச்சிக்கல், படுக்கைப் புண், சதைக்குள் வளர்ந்த கால் நகம்கூடக் காரணமாகலாம்.

பிரஷரும் பாருங்கள். கழுத்தில் அடிபட்டவர்களுக்கு வழக்கமான மேல் அளவே பெரும்பாலும் 90 முதல் 110தான். மற்றவர்களுக்குச் சாதாரணமான 130, தம்பிக்கு அதிகம். சில நிமிடங்களில் குறையாவிட்டால் தாமதிக்காமல் அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோங்கள். அங்கே அட்டானமிக் டிஸ்ரிஃப்ளெக்ஸியா என்ற பெயரை நீங்களே சொல்லுங்கள். எனக்கு ஒருமுறை வெறும் தலைவலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.